முதல் தீம் பார்க் பயணம்: சிறு குழந்தைகளை அழைத்துச் செல்லலாமா?

கேள்வி: நாங்கள் சேலத்தில் வசிக்கிறோம். மகளுக்கு 5 வயது, மகனுக்கு 2 வயது. மே மாத விடுமுறையில், பெங்களூரு அருகே பிடதியில் உள்ள வொண்டர்லாவுக்கு இருவரையும் முதல் முறையாக அழைத்துச் செல்ல நினைத்திருக்கிறோம். விடியற்காலை காரில் கிளம்பிப் போய் அன்று இரவே திரும்பிவிடலாம் என்பது கணவரின் யோசனை. மகளுக்குச் சளி பிடித்தால் வீசிங் வரும். மருத்துவர் சொன்னபடி தினமும் இன்ஹேலர் எடுத்துக்கொள்கிறாள். சின்னவனைத் தூக்கிக்கொண்டு அங்கெல்லாம் போகவே வேண்டாம் என்று மாமியார் தடுக்கிறார். போகலாமா? என்னென்ன கவனிக்க வேண்டும்?

பதில்: தாராளமாகப் போகலாம். ஆனால் அன்றே திரும்பும் திட்டத்தை மட்டும் கைவிட்டுவிடுங்கள். சேலத்திலிருந்து கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாகப் பெங்களூரு நெரிசலையும் தாண்டிப் பிடதி போய்ச் சேருவதற்குள் பாதி நாளின் தெம்பு போய்விடும். தூக்கம் கெட்ட 2 வயதுக் குழந்தை பகல் முழுவதும் அழுதுகொண்டேதான் இருக்கும், தூக்கம் கெட்ட அப்பா இரவில் நெடுஞ்சாலையில் கார் ஓட்டுவார். இந்தப் பயணத்திலேயே பெரிய ஆபத்து எது என்று கேட்டால், அந்த இரவுநேரத் திரும்பு பயணத்தைத்தான் சொல்வேன். முந்தின நாளே போய்த் தங்கி, மறுநாள் காலை நிதானமாகத் திரும்புவதற்கு வசதி இருந்தால் மட்டுமே கிளம்புங்கள். காரில் பிள்ளைகளை முன் இருக்கையில் மடியில் வைத்துக்கொள்ள வேண்டாம்; சின்னவனுக்குக் குழந்தை இருக்கை, பெரியவளுக்கு அவள் உயரத்துக்கேற்ற இருக்கையுடன் பெல்ட், இரண்டுமே பின்பக்கம் இருக்கட்டும்.

உங்கள் மாமியாரின் பயம் நியாயமானதுதான், ஆனால் அவரும் பெரும்பாலான பெற்றோரும் பயப்படும் இடம் வேறு, குழந்தைகளுக்கு உண்மையில் அடிபடும் இடம் வேறு. தலைகீழாகச் சுழலும் ராட்சத ராட்டினங்களைப் பார்த்துத்தான் எல்லோருக்கும் நெஞ்சு பதறுகிறது. அவற்றில் ஏறக் குறைந்தபட்ச உயர வரம்பு உண்டு. 5 வயதுப் பெண் குழந்தையின் சராசரி உயரம் சுமார் 109 செ.மீ. என்பதால், உங்கள் பிள்ளைகள் இருவரையும் அவற்றின் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். அந்த வரம்பு, உடலைப் பிடித்து நிறுத்தும் கம்பியும் பெல்ட்டும் சின்ன உடம்பில் சரியாகப் பொருந்தாது என்பதற்காக வைக்கப்பட்டது. எனவே கால் விரலில் நிற்க வைத்தோ, ஊழியரிடம் கெஞ்சியோ ஏற்றிவிட முயலாதீர்கள். குழந்தை மருத்துவனாக நான் கவலைப்படுவது முழங்கால் அளவுத் தண்ணீர், அப்பாவின் மடி, பாப்கார்ன் பொட்டலம், உச்சி வெயில் ஆகிய நான்கைப் பற்றித்தான்.

முதலில் தண்ணீர். உலக அளவில் 1 முதல் 4 வயது வரையிலான குழந்தைகளின் மரணத்துக்கு முக்கியக் காரணங்களில் ஒன்று நீரில் மூழ்குவது. இந்த வயதில் உடலோடு ஒப்பிட்டால் தலை பெரியது, கனமானது. முகம் குப்புற விழுந்தால் தானாக எழுந்துகொள்ளும் வலு கழுத்திலும் கைகளிலும் இருக்காது. ஆழம் ஓர் அடிகூட வேண்டியதில்லை. மேலும், மூழ்கும் குழந்தை கத்தாது, கையை ஆட்டாது. மூச்சு வாங்கவே முடியாதபோது குரல் எங்கிருந்து வரும்? சுற்றிலும் நூறு பேர் கூச்சலிட்டுக் குதிக்கும் குளத்தில், ஒரு குழந்தை சத்தமே இல்லாமல் ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடும். உயிர்காப்பாளர் நிற்கிறார் என்பது கூடுதல் பாதுகாப்புதானே தவிர, உங்கள் கைக்கு மாற்றாகாது. சின்னவன் தண்ணீரில் இருக்கும் ஒவ்வொரு நொடியும் ஒரு பெரியவர் கை நீட்டினால் தொடும் தூரத்தில் இருக்க வேண்டும். அவர் யார் என்பதை வாய்விட்டுச் சொல்லி ஒப்படையுங்கள். அவர் பார்த்துக்கொள்வார் என்று நீங்களும், நீங்கள் பார்த்துக்கொள்வீர்கள் என்று அவரும் நினைத்திருக்கும் இடைவெளியில்தான் விபத்து நடக்கிறது. பொறுப்பில் இருப்பவரின் கைப்பேசி லாக்கரிலேயே இருக்கட்டும்.

கையில் மாட்டும் காற்றுப் பைகளும் இடுப்பு வளையங்களும் விளையாட்டுப் பொருள்களே. நழுவிவிடும், கவிழ்த்தும் விடும். அலைக்குளத்துக்குச் சின்னவனை அழைத்துச் செல்லவே வேண்டாம். ஒருவேளை குழந்தை தண்ணீரில் மூழ்கி எடுக்கப்பட்டால், நம் ஊரில் செய்வதுபோலத் தலைகீழாகத் தூக்கிச் சுழற்றுவதோ வயிற்றை அமுக்குவதோ கூடாது. உடனே உயிர்காப்பாளரை அழையுங்கள், மூச்சு இல்லையென்றால் வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதுவதில்தான் முதலுதவி தொடங்க வேண்டும். தண்ணீரில் மூழ்கி எழுந்த குழந்தை நன்றாக இருப்பதுபோலத் தோன்றினாலும், அடுத்த சில மணி நேரத்தில் விடாத இருமல், வேகமான மூச்சு, வழக்கத்துக்கு மாறான சோர்வு ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

அடுத்தது அப்பாவின் மடி. விடுமுறை நாட்களில் எலும்பு மருத்துவரிடம் வரும் ஒன்றரை, இரண்டு வயதுக் குழந்தைகளில் சிலர், வீக்கமோ காயமோ வெளியே தெரியாமல், ஒரு காலை மட்டும் தரையில் ஊன்ற மறுத்து அழுதுகொண்டிருப்பார்கள். எக்ஸ்ரேயில் முழங்காலுக்குக் கீழ் உள்ள எலும்பில் மெல்லிய விரிசல் தெரியும். விசாரித்தால், சறுக்கில் பெற்றோர் மடியில் உட்கார்ந்து வந்த கதை வெளிவரும். குழந்தை தனியாகச் சறுக்கும்போது கால் பக்கச் சுவரில் உரசினால், அதன் எடை குறைவு என்பதால் அங்கேயே நின்றுவிடும். பெரியவர் மடியில் இருக்கும்போது குழந்தையின் பாதம் மட்டும் ஓரத்தில் சிக்கிக்கொள்ள, 70 கிலோ எடை நிற்காமல் கீழே இழுக்கிறது. எலும்பு முறுகி விரிசல் விடுகிறது. பாதுகாப்பு என்று நினைத்துச் செய்வதே இங்கு காயத்துக்குக் காரணமாகிறது. தனியாகச் சறுக்கத் தெரியாத குழந்தைக்கு அந்தச் சறுக்கு இன்னும் ஓரிரண்டு ஆண்டுகள் காத்திருக்கட்டும்.

பாப்கார்னைப் பற்றிச் சொல்வது உங்கள் மகளுக்கும் சேர்த்துத்தான். 4 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குப் பாப்கார்ன், வேர்க்கடலை, முழுத் திராட்சை எதையும் கொடுக்கக் கூடாது. பெரியவளும் ஓடிக்கொண்டோ சவாரியில் உட்கார்ந்துகொண்டோ சிரித்துக்கொண்டோ சாப்பிடக் கூடாது. கடைவாய்ப் பற்கள் முழுவதும் வராத வயதில் பாப்கார்னின் கடினமான தோலை அரைக்க முடியாது. அது மூச்சுக்குழலில் இறங்கி ஒரு பக்க நுரையீரலின் வாயிலை அடைத்துக்கொள்ளும். அப்போது கேட்கும் ‘கீய்ங்’ ஒலியும் வீசிங் போலவே இருக்கும். நன்றாக விளையாடிக்கொண்டிருந்த குழந்தைக்குச் சாப்பிடும்போது திடீரென இருமல் வந்து, அதன்பின் மூச்சில் ஒலி கேட்டால், வழக்கமான வீசிங் என்று இன்ஹேலரைக் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்துவிடாதீர்கள். என்ன சாப்பிட்டாள் என்பதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். அடைப்பினால் குழந்தை இருமவும் முடியாமல், குரலும் வராமல் தவித்தால், முன்பக்கம் சாய்த்துப் பிடித்துத் தோள்பட்டைகளுக்கு நடுவில் ஐந்து முறை பலமாகத் தட்டுங்கள். பொருள் வெளியே வராவிட்டால், பின்னால் நின்று தொப்புளுக்கு மேலே ஐந்து முறை உள்நோக்கியும் மேல்நோக்கியும் அழுத்துங்கள். பொருள் வெளியே வரும்வரை இரண்டையும் மாறி மாறிச் செய்துகொண்டே உதவிக்குக் குரல் கொடுங்கள். கண்ணுக்குத் தெரியாத பொருளை வாய்க்குள் விரலை விட்டுத் துழாவக் கூடாது. கர்நாடகத்திலும் ஆம்புலன்ஸுக்கு 108 தான்.

வீசிங் இருக்கிறது என்பதற்காக உங்கள் மகளின் விளையாட்டைக் குறைக்க வேண்டியதில்லை. தினமும் எடுக்கும் தடுப்பு இன்ஹேலரை, ஊருக்குப் போகும் பரபரப்பில் ஒருவேளைகூட விட்டுவிடாதீர்கள். மூச்சுத்திணறலுக்கு உடனே கொடுக்கும் நீலநிற இன்ஹேலரும், அதைப் பொருத்தி மூச்சிழுக்கும் குழலான ஸ்பேசரும் அறையிலோ காரிலோ இல்லாமல் உங்கள் தோள்பையில் இருக்க வேண்டும். வெயிலில் நிறுத்திய காருக்குள் ஏறும் வெப்பத்தில் இன்ஹேலர் வைக்கவே கூடாது. கிளம்பும் முன் மருத்துவரிடம் காட்டி, திணறல் வந்தால் எத்தனை பஃப், எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை என்று ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கொடுக்கும்போது நன்றாகக் குலுக்கி, ஒரு நேரத்தில் ஒரு பஃப் மட்டும் ஸ்பேசரில் அடித்து, ஐந்தாறு முறை மூச்சு இழுக்க விட்ட பிறகே அடுத்தது. குளோரின் நெடி தூக்கலாக இருக்கும் மூடிய இடங்களையும், புகை கிளப்பும் நடன அரங்குகளையும் அவளுக்காகத் தவிர்த்துவிடுங்கள். விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்வாங்குவது, ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடியாமல் நிறுத்தி நிறுத்திப் பேசுவது, உதடு நீலம் பூப்பது ஆகியவை உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய அறிகுறிகள்; போகும் வழியிலும் இன்ஹேலர் கொடுத்துக்கொண்டே போக வேண்டும். கிளம்பும் வாரத்தில் அவளுக்குச் சளியும் வீசிங்கும் இருந்தால் பயணத்தைத் தள்ளிவையுங்கள்.

மே மாதத்தில் பிடதியின் வெயில் சேலத்து வெயிலை விடக் குறைவுதான், ஆனால் வீட்டுக்குள் இருப்பதற்கும் திறந்த வெளியில் வரிசையில் நிற்பதற்கும் வேறுபாடு உண்டு. இத்தகைய பூங்காக்கள் பெரும்பாலும் காலை 10, 11 மணிக்கு மேல்தான் திறக்கின்றன. எனவே உச்சி வெயில் நேரமும் விளையாட்டு நேரமும் ஒன்றாகிவிடுகின்றன. குழந்தைகள் தாகத்தைச் சொல்ல மறந்துவிடுவார்கள், தண்ணீரில் விளையாடும்போது வியர்ப்பதே தெரியாது. கேட்காமலேயே 20 நிமிடத்துக்கு ஒருமுறை சில மிடறு தண்ணீர் கொடுங்கள். சிறுநீர் அடர்மஞ்சளாகவோ, ஆறு மணி நேரம் வராமலோ இருந்தால் நீர் போதவில்லை என்று பொருள். வாந்தி, வயிற்றுப்போக்கு வந்தால் உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி தயாரித்த ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை, அதில் அச்சிட்டுள்ள அளவுத் தண்ணீரில் முழுதாகக் கலக்க வேண்டும்; பாதிப் பொட்டலத்தை ஒரு டம்ளரில் குத்துமதிப்பாகக் கரைத்தால் உப்பு மிகுந்து கெடுதலே செய்யும். ஓ.ஆர்.எஸ். என்ற பெயருடன் அட்டை டப்பாக்களில் விற்ற சர்க்கரை பானங்களுக்கு அந்தப் பெயரைப் பயன்படுத்தக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டிருக்கிறது. பழைய நினைவில் அவற்றை வாங்கிவிடாதீர்கள்.

உடல் கொதித்து, குழந்தை பிதற்றினாலோ மயங்கினாலோ அது வெப்ப வாதம். நிழலுக்குக் கொண்டுபோய், உடையைத் தளர்த்தி, உடல் முழுவதும் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்; மயக்கத்தில் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. இதற்கு நேர்மாறாக, ஈர உடையோடு காற்றில் நிற்கும் சின்னவன் மே மாதத்திலும் நடுங்குவான். அரை மணி நேரத்துக்கு ஒருமுறை வெளியே எடுத்துத் துவட்டி, உலர்ந்த துணி மாற்றுங்கள். டயாப்பரையும் அப்போதே மாற்றிவிடலாம்.

பகல் தூக்கத்தை மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம். சின்னவன் வீட்டில் மதியம் ஒரு மணிக்குத் தூங்குபவன் என்றால், அங்கேயும் நிழலான ஓரிடத்தில் தூங்கட்டும். அந்நேரம் பெரியவள் உங்களில் ஒருவரோடு விளையாடட்டும். கட்டிய பணம் வீணாகிறதே என்று எல்லாச் சவாரியிலும் ஏற்ற வேண்டாம். பொம்மை வேடமிட்டவர்களைக் கண்டு அவன் அலறினால், புகைப்படத்துக்காக அவர்கள் கையில் கொடுக்காதீர்கள். 2 வயதில் அந்தப் பயம் இயல்பானது.

மருந்துப் பையில் பாராசிட்டமால் இருந்தால் போதும். எடைக்கேற்ப, கிலோவுக்கு 15 மி.கி. வரை ஒரு வேளைக்கு. சொட்டு மருந்தும் சிரப்பும் வெவ்வேறு வீரியமுள்ளவை என்பதால், இரண்டு பிள்ளைகளுக்கும் எத்தனை மி.லி. என்று புட்டியின் மேலேயே எழுதி ஒட்டிவையுங்கள். கார் பயண வாந்திக்குக் கடையில் கேட்டு மாத்திரை வாங்க வேண்டாம். குறிப்பாக, புரோமெத்தசின் 2 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு மூச்சையே அடக்கிவிடக்கூடியது, அந்த வயதைத் தாண்டியவர்களுக்கும் மருத்துவர் எழுதித் தந்தால் மட்டுமே. ஃப்ளூ தடுப்பூசி இந்த ஆண்டு போடவில்லையென்றால், கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பாவது இருவருக்கும் போட்டுவிடுங்கள். டைஃபாய்டு, ஹெபடைட்டிஸ் ஏ ஊசிகள் விடுபட்டிருக்கின்றனவா என்றும் அட்டையைப் பாருங்கள்.

இரு பிள்ளைகளில் யாருக்காவது வயிற்றுப்போக்கு இருந்தால் குளத்தில் இறக்காதீர்கள். கிரிப்டோஸ்போரிடியம் என்ற கிருமி குளோரின் கலந்த நீரிலும் நாள்கணக்கில் உயிரோடு இருந்து மற்றக் குழந்தைகளுக்கும் பரவும். திரும்பி வந்து ஒரு வாரம், பத்து நாள் கழித்தும் அதனால் பேதி தொடங்கலாம். காது மடலை இழுத்தால் வலிக்கிறது என்று குழந்தை சொன்னால், தண்ணீர் தங்கிய காதுத் துளையில் தொற்று ஏற்பட்டிருக்கும். எண்ணெய் காய்ச்சி ஊற்றாமல் காட்டுங்கள். இரண்டிலும், பூங்காவில் குளித்துவிட்டு வந்த செய்தியை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.