காடை முட்டை பொரிக்கவில்லையா?

கேள்வி: ஆய்வகங்களுக்குத் தர ஜப்பானியக் காடை வளர்க்கிறேன். 50 பறவைகளில் தொடங்கி, அவற்றின் குஞ்சுகளையே இணை சேர்த்தேன். நான்காம் தலைமுறையில் பொரிப்பு பாதிக்கும் கீழே போய்விட்டது. இன்குபேட்டரை மாற்றலாமா?
- வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: அவசரப்படாதீர்கள். பொரிக்காத முட்டைகளை உடைத்துப் பாருங்கள். புள்ளி அடர்ந்த ஓடு என்பதால் விளக்கொளியில் பார்ப்பது காடைக்கு அவ்வளவாக உதவாது. கரு தொடங்கவே இல்லையென்றால் இணை சேர்க்கையில் கோளாறு. முழுதாக வளர்ந்த குஞ்சு ஓட்டுக்குள் செத்திருந்தால் ஈரப்பதத்தையோ காற்றோட்டத்தையோ சந்தேகிக்கலாம். முதல் 14 நாள் 37.5 டிகிரி, 60 சதவீத ஈரப்பதம். பிறகு முட்டையைத் திருப்புவதை நிறுத்தி, ஈரப்பதத்தை 70க்கு மேல் ஏற்றுங்கள். 17, 18ஆம் நாளில் குஞ்சு வரும்.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் கோளாறு இன்குபேட்டரில் இல்லை, உறவில் இருக்கிறது. நம் பக்கம் சொந்தத்தில் பெண் எடுப்பார்கள். காடைக்கு அது ஆகவே ஆகாது. உடன்பிறந்தவற்றைச் சேர்த்துக்கொண்டே போனால் சில தலைமுறைகளில் வம்சமே நின்றுவிடும். வெளியிலிருந்து உறவில்லாத பறவைகளை வாங்கி, மந்தையை ஐந்து குழுவாகப் பிரித்து, காலில் வளையம் போடுங்கள். ஒவ்வொரு தலைமுறையிலும் முதல் குழுவின் ஆண்கள் இரண்டாவதற்கு, இரண்டாவதன் ஆண்கள் மூன்றாவதற்கு என்று சுற்றி வரட்டும். ஓர் ஆணுக்கு இரண்டு, மூன்று பெண் போதும். ஆணை மாற்றியதும் இரண்டு வார முட்டைகளை அடை வைக்காதீர்கள். பழைய ஆணின் விந்து பெண்ணின் உடலில் தங்கியிருக்கும், தகப்பன் யாரென்ற கணக்கு குழம்பிவிடும். ஆய்வகத்துக்கு அந்தக் கணக்குதான் முக்கியம். எந்தக் குழுவின் முட்டை என்று ஓட்டில் பென்சிலால் மட்டும் எழுதுங்கள்.

இன்னொன்று: முட்டையை 15 டிகிரியில் ஏழு நாளுக்கு மேல் வைக்காதீர்கள். கிருஷ்ணகிரி வெயிலில் சும்மா அறையில் கிடந்தால் கரு அரைகுறையாக வளரத் தொடங்கிச் செத்துவிடும்.

விற்கும் முன் பதிவு உண்டா என்று பாருங்கள். ஆய்வுக்கென விலங்கு வளர்த்து விற்பவர் 1998ஆம் ஆண்டு விதிகளின்படி பதிவு பெற்றாக வேண்டும்.

கேள்வி: ஓசூரில் டிசம்பர் வந்தாலே முட்டை குறைகிறது. குளிரா?
- வாசகி, மத்திகிரி

பதில்: பெரும்பாலும் வெளிச்சம். அப்போது இங்கே பகல் சுமார் பதினொன்றரை மணி நேரம்தான். மாலையில் விளக்குப் போட்டு மொத்தம் 14 முதல் 16 மணி நேரம் ஆக்குங்கள். டைமர் வைத்தால் நேரம் தவறாது. குளிர் பெரிய பறவையைவிடக் குஞ்சைத்தான் கொல்லும். முதல் வாரம் புரூடரில் (குஞ்சுகளுக்குச் சூடு தரும் அடைப்பில்) 35 டிகிரி இருக்கட்டும். குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று குவிந்தால் சூடு பத்தவில்லை. தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போடுங்கள், இல்லாவிட்டால் மூழ்கிவிடும்.

கேள்வி: கூண்டில் தலை அடிபட்டுச் சாகின்றனவே?
- வாசகர், பாலக்கோடு

பதில்: மிரண்டால் காடை செங்குத்தாக எம்பும். கூண்டின் உயரத்தை 20, 25 செ.மீ.க்குக் குறையுங்கள், அல்லது மேலே மென்வலை கட்டுங்கள்.