ஜேர்மனியில் பிள்ளைகளுக்கு விசுவாசத்தைக் கொடுப்பது பற்றி, மன்னாரிலிருந்து வந்த ஒரு தங்கைக்கு

அன்புள்ள தங்கச்சி,

இங்கு வந்து ஓராண்டாகிறது என்றும், ஏழு வயது மகளையும் பன்னிரண்டு வயது மகனையும் இந்த நாட்டில் விசுவாசத்தோடு வளர்க்க முடியுமா என்று பயமாக இருக்கிறது என்றும் எழுதியிருந்தீர்கள். ஞாயிறு திருப்பலியில் நரைத்த தலைகளே தெரிகின்றன, மகனுடைய வகுப்பில் எவரும் கோயிலுக்குப் போவதில்லை, அவனும் இப்போது வர மறுக்கிறான், கணவருக்கு ஞாயிறு காலையில் வேலை, வீடு மாறிப் பதியப் போனபோது படிவத்தில் மதம் எது என்று கேட்டார்கள், கத்தோலிக்கர் என்று எழுதினால் சம்பளத்தில் வரி பிடிப்பார்களாம், எழுதாமல் விடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். நான் பிள்ளைகளை வளர்த்தது வடரைன் வெஸ்ட்பாலியா மாநிலத்தில். மற்ற மாநிலங்களில் சில நடைமுறைகள் வேறுபடும் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

வரியைப் பற்றி முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். திருச்சபை வரி என்பது சம்பளத்தின் மேல் கணக்கிடப்படும் வீதம் அல்ல. நீங்கள் கட்டும் வருமான வரியின் மேல் கணக்கிடப்படும் தொகை. பவேரியாவிலும் பாடன் வூட்டம்பேர்க்கிலும் 8 வீதம், மற்ற மாநிலங்களில் 9 வீதம். வருமான வரி மாதம் 300 யூரோ என்றால் 27 யூரோ போகும். வருமான வரியே கட்டாத அளவுக்குச் சம்பளம் குறைவாக இருந்தால் இதுவும் இல்லை. ஞானஸ்நானம் பெற்ற ஒருவர் அதை மறைத்து எழுதுவது பொய். பிள்ளைக்குப் பொய் சொல்லாதே என்று கற்பிக்கிற வீட்டில் அந்தப் பொய்யைப் படிவத்தில் எழுதி வைக்க வேண்டாம் என்பதே என் கருத்து. சிலர் பிறகு நீதிமன்றத்துக்குப் போய்ச் சபையிலிருந்து வெளியேறுவதாகக் கையொப்பம் இடுகிறார்கள். அப்படி வெளியேறியவர் திருவருட்சாதனங்களைப் பெறவோ ஞானப்பெற்றோராக நிற்கவோ முடியாது என்று ஜேர்மன் ஆயர்கள் 2012இல் தெளிவாக அறிவித்திருக்கிறார்கள். 27 யூரோவை மிச்சம் பிடித்துவிட்டு மகளின் முதல் நன்மைக்கு, அதாவது முதன்முதலில் நற்கருணை வாங்கும் நாளுக்கு, மண்டபம் பிடிக்க ஆயிரக்கணக்கில் செலவிடுகிற நம்மவர்களின் கணக்கு எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இனி உங்களுடைய உண்மையான கவலைக்கு வருகிறேன். இந்த நாட்டில் விசுவாசக் கல்விக்கு வசதிக் குறைவு இல்லை. அரசியலமைப்பின் 7ஆம் பிரிவே அரசாங்கப் பாடசாலைகளில் சமயபாடத்தை வழமையான பாடமாக வைத்திருக்கிறது. ஆசிரியர் இருக்கிறார், புத்தகம் இருக்கிறது, புள்ளியும் போடுகிறார்கள். பங்கிலே, அதாவது உங்கள் பகுதிக் கோயிலிலே, முதல் நன்மைக்கும் உறுதிப்பூசுதலுக்கும் வகுப்புகள் நடக்கின்றன, பிள்ளைகளுக்குக் கோடைகால முகாம் இருக்கிறது, பீடப்பணியாளர் குழு இருக்கிறது, மாதத்தில் ஒரு நாள் அருகிலுள்ள ஏதாவது ஒரு நகரில் தமிழ்த் திருப்பலியும் இருக்கும். இத்தனையும் இருப்பதனாலேயே பெற்றோர் தங்கள் கடமையை மறந்துவிடுகிறார்கள் என்பதுதான் நான் இங்கே கண்டது. சமயம் பாடசாலையில் படிக்கிறான், நன்மை பங்கில் வாங்குகிறான், தமிழ்க் கோயிலில் பாட்டுப் பாடுகிறான் என்று ஆறுதலடைந்துவிட்ட வீட்டில், அந்தப் பிள்ளை தன் தகப்பனார் முழந்தாளில் நிற்பதை ஒரு நாளும் கண்டிருக்காது.

நீங்கள் மன்னார் என்பதால் இந்தச் சரித்திரம் உங்களுக்குத் தெரியாமல் இராது. 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடித்தபின் குருக்கள் துரத்தப்பட்டார்கள், கத்தோலிக்க வழிபாடு தடைசெய்யப்பட்டது, மாந்தையிலிருந்த மாதா சொரூபத்தை நம் முன்னோர் 1670இல் மடுக் காட்டுக்குக் கொண்டுபோய் ஒளித்தார்கள். யோசேவ் வாஸ் சுவாமியார் ஏழைக் கூலியாளைப் போல மாறுவேடத்தில் யாழ்ப்பாணம் வந்தது 1687இல். இடைப்பட்ட ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் வழமையாகப் பூசை வைக்கவும் நன்மை கொடுக்கவும் ஆளில்லாமல் கழிந்தன. ஆனாலும் அவர் செபமாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு பிச்சைக்காரனாக வீதியில் திரிந்தபோது அதை அடையாளம் கண்டு கதவைத் திறந்தவர்கள் இருந்தார்கள். அவர்களுக்கு அதைக் கற்றுக்கொடுத்தவர்கள் வீட்டிலிருந்த தாய்மாரும் கிராமத்து மூப்பர்மாரும்தான். 2015இல் பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்பில் வாஸ் சுவாமியாரைப் புனிதராக அறிவித்து, அதே நாளில் மடுவுக்கும் வந்தபோது, இந்த வரலாற்றை என் பிள்ளைகளுக்கு முழுமையாகச் சொன்னேன். சமயபாடப் புத்தகத்தில் இல்லாததை வீடு சொல்லவேண்டியிருக்கிறது.

ஆகவே மாலைச் செபத்திலிருந்து தொடங்குங்கள். ஊரில் நாங்கள் விளக்கேற்றியதும் பாய் விரித்து செபமாலையின் ஐம்பத்து மூன்று மணியும் சொல்லி, மன்றாட்டு மாலையும் சொல்லி, பிறகுதான் சாப்பாட்டுக்கு எழும்புவோம். அதை அப்படியே இங்கே கொண்டுவர முயன்ற பல வீடுகளில், வேலை முடிந்து களைத்து வந்த தாய் கோபத்தோடு செபம் சொல்வதையும், பிள்ளைகள் அதை ஒரு தண்டனையாக எண்ணுவதையும் பார்த்திருக்கிறேன். பத்து நிமிடம் போதும். செபமாலையில் ஒரு பத்து மணி, அன்றைய நற்செய்தியில் நாலைந்து வரி, பிறகு ஒவ்வொருவரும் தமக்கு வேண்டியதைத் தம் வாயால் கேட்பது. இதற்கு மேல் ஏழு வயதுப் பிள்ளையின் பொறுமை தாங்காது. கணவருக்கு இரவு வேலையென்றால் அவர் புறப்படுவதற்கு முன், வாசலில் நின்றாவது பிள்ளைகளின் நெற்றியில் சிலுவை அடையாளம் போட்டுவிட்டுப் போகட்டும். அன்றைக்குப் பிள்ளையிடம் அநியாயமாகக் கத்தியிருந்தால் அந்தச் செபத்தின்போதே மன்னிப்புக் கேட்டுவிடுங்கள். பாவசங்கீர்த்தனம் என்றால் என்னவென்று எந்த வகுப்பிலும் இதைவிடத் தெளிவாகச் சொல்லிக்கொடுக்க முடியாது.

எந்த மொழியில் செபிப்பது என்று நம்மவர்கள் சண்டை பிடிப்பதுண்டு. மனப்பாடச் செபங்களைத் தமிழில் கொடுங்கள், ஏனென்றால் அம்மம்மாவோடு தொலைபேசியில் சேர்ந்து சொல்ல அவைதான் உதவும். ஆனால் பிள்ளை தானாகக் கடவுளிடம் பேசும்போது, கூடப்பிறந்ததோடு சண்டைபிடிக்கிற மொழி எதுவோ அந்த மொழியிலேயே பேசட்டும். செபத்தின் நடுவே ளகர ழகரம் திருத்துகிற தாய், செபத்தைத் தமிழ் வகுப்பாக ஆக்கிவிடுகிறாள். தமிழ் கற்பிக்க வேறு நேரம் இருக்கிறது.

இந்த நாட்டின் திருநாட்களையும் அந்நியம் என்று ஒதுக்காதீர்கள். நவம்பர் 11இல் மகள் கடதாசி விளக்கோடு புனித மார்ட்டின் ஊர்வலம் போவாள். அதற்கு முதல் நாள் இரவு, குளிரில் நடுங்கிய பிச்சைக்காரனுக்குத் தன் மேலங்கியை வாளால் வெட்டிப் பாதி கொடுத்த போர்வீரனின் கதையை நீங்களே அவளுக்குச் சொல்லுங்கள். கிறிஸ்மசுக்கு முந்திய திருவருகைக்காலத்தில் நாலு மெழுகுதிரி வளையத்தைச் சாப்பாட்டு மேசையில் வையுங்கள். 1839இல் ஹம்பேர்க்கில் ஆதரவற்ற பிள்ளைகளுக்காக விக்கேர்ன் என்ற லூத்தரன் இறையியலாளர் தொடங்கிய வழக்கம் அது. கத்தோலிக்க வீட்டில் அதை எரிப்பதால் ஒரு குறையும் வராது. பின்னேரம் நாலரைக்கே இருட்டிவிடுகிற டிசம்பரில், ஒரு திரி எரிந்துகொண்டிருந்தால் பிள்ளைகள் தாங்களாகவே மேசைக்கு வந்து அமர்வார்கள், செபத்துக்குக் கூப்பிடும் வேலையும் மிச்சம். ஜனவரி தொடக்கத்தில் மூன்று அரசர் வேடத்தில் பிள்ளைகள் வீடுவீடாகப் போய் வாசலில் சுண்ணக்கட்டியால் ஆசீர் எழுதி, ஏழைப் பிள்ளைகளுக்காகக் காசு சேர்ப்பார்கள். மகனையும் மகளையும் அதில் சேர்த்துவிடுங்கள். பனியில் நடந்து, சில கதவுகள் முகத்தில் அடைக்கப்படுவதையும் பொறுத்து, உண்டியலோடு திரும்புகிற பிள்ளைக்குப் பிறர் அன்பு பற்றி நீண்ட உபதேசம் தேவைப்படாது.

மகளுக்கு முதல் நன்மை மூன்றாம் வகுப்பில் வரும். பங்கு அலுவலகத்திலிருந்து கடிதம் வராவிட்டால் நீங்களே போய்க் கேளுங்கள். அங்கே வகுப்பு எடுப்பவர்களில் பலர் உங்களைப் போன்ற தாய்மார்தான். ஜேர்மன் மொழி போதாது என்று கூச்சப்படாமல் உதவிக்குச் சேருங்கள்; கதிரை அடுக்குவதற்கு இலக்கணம் வேண்டியதில்லை.

மகனுடைய விடயம் வேறு. 1921ஆம் ஆண்டுச் சட்டமொன்று இந்த நாட்டில் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி 12 வயதான பிள்ளையின் சமயத்தை அதன் விருப்பத்துக்கு மாறாகப் பெற்றோர் மாற்ற முடியாது. 14 வயதானதும் தன் சமயத்தைத் தானே தீர்மானிக்கும் உரிமை பிள்ளைக்கு வந்துவிடுகிறது. நம் மாநிலத்தில் சமயபாடத்திலிருந்து விலகுவதையும் அந்த வயதில் அவனே எழுதிக்கொடுக்கலாம். உறுதிப்பூசுதலுக்கான அழைப்பும் பெரும்பாலும் அதற்குப் பிறகு, அவனுடைய பெயருக்கே வரும்; பெயர் கொடுப்பதும் விடுவதும் அவன் கையில். உங்களுக்கு ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் இருக்கின்றன. அந்தக் காலத்தைக் கட்டளையிட்டுக் கழிப்பதா, அவனுடைய கேள்விகளுக்கு இடம் கொடுப்பதா என்பதை இப்போதே யோசியுங்கள்.

கேள்விகள் வரும், அவை இலேசானவையாக இரா. குருக்கள் சிறுவர்களுக்குச் செய்த பாலியல் கொடுமைகள் பற்றி ஆயர்களே செய்வித்த ஆய்வு 2018இல் வெளிவந்தது. 1946 முதல் 2014 வரையான கோப்புகளில் 3,677 பிள்ளைகள் பாதிக்கப்பட்டதும், 1,670 குருக்களும் துறவியரும் குற்றம் சாட்டப்பட்டதும் அதில் பதிவாகியிருக்கின்றன. 2022இல் மாத்திரம் 5 இலட்சத்து 22 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கத்தோலிக்கர் சபையை விட்டு வெளியேறினார்கள். உங்கள் மகனுடைய நண்பர்களின் பெற்றோரும் அவர்களுள் இருப்பார்கள். சுவாமிமாரைப் பற்றி அப்படிப் பேசக்கூடாது என்று வாயை அடைத்தால், அவன் அந்தக் கேள்வியை வெளியே கொண்டுபோவான், விசுவாசத்தையும் அதோடு வெளியே வைத்துவிடுவான். என் மகள் பதின்மூன்று வயதில் இதைக் கேட்டபோது, நடந்தது பாவமும் குற்றமும், மூடி மறைத்தது இன்னொரு பாவம், ஆனால் நான் முழந்தாளிடுவது அவர்களுக்கு முன்னால் அல்ல என்று சொன்னேன். அவள் அன்றைக்கு ஒன்றும் பேசவில்லை. பிறகு பல வருடம் பீடப்பணியாளராக நின்றாள். இன்னொருவர் வீட்டுப் பிள்ளை இதே பதிலைக் கேட்டும் விலகிப் போயிருக்கிறது. இரண்டு வீட்டிலும் தாய்மார் செபித்தார்கள்.

தமிழ்த் திருப்பலிக்கும், ஆகஸ்ட் மாதத்தில் கெவெலார் திருத்தலத்துக்குத் தமிழர்கள் போகும் யாத்திரைக்கும் கட்டாயம் கூட்டிப்போங்கள். ஒரு வியாபாரி செபிக்கும்போது கேட்ட குரலின்படி 1642இல் வைக்கப்பட்ட, உள்ளங்கையளவே ஆன துயருறுவோரின் ஆறுதலான மாதாவின் படம் அங்கே இருக்கிறது. மடுவைப் போலவே அங்கும் சைவர்கள் பெருமளவில் வந்து மெழுகுதிரி ஏற்றுவார்கள். அவர்கள் ஏன் வருகிறார்கள் என்று மகன் கேட்டால், அவர்களிடமே கேட்கச் சொல்லுங்கள். ஆனால் அந்த ஒரு நாளையும் மாதத்தில் ஒரு பூசையையும் நம்பி, வீட்டுக்குப் பக்கத்திலிருக்கும் ஜேர்மன் பங்கை விட்டுவிடாதீர்கள். நரைத்த தலைகள் என்று எழுதியிருந்தீர்கள். அந்தப் பாட்டிமாரில் ஒருவரைக் கோப்பிக்கு வீட்டுக்குக் கூப்பிடுங்கள். போரில் தகப்பனை இழந்த பிள்ளைப் பருவத்தைப் பற்றி அவர் உங்கள் மகனுக்குச் சொல்லக்கூடும், உங்கள் ஊர்க் கதையையும் கேட்பார்.

கணவரின் வேலை நேரத்துக்கு வழி இருக்கிறது: சனி மாலைத் திருப்பலி ஞாயிறு பூசைக் கடமையைத் தீர்க்கும், பெரும்பாலான நகரங்களில் ஏதாவது ஒரு கோயிலில் அது உண்டு. நேரங்கள் கோயில் வாசலில் இலவசமாக வைத்திருக்கும் பங்குச் செய்தித்தாளிலும் அறிவித்தல் பலகையிலும் இருக்கும். மகனையும் அந்தப் பூசைக்கே கூட்டிப்போய்ப் பாருங்கள்; ஞாயிறு காலையில் அவன் நித்திரை கொள்ளலாம் என்பதற்காகவே முதலில் சம்மதிப்பான், அது போதும்.