உள்பக்கப் பேடையும் பாருங்கள்

கேள்வி: தினமும் புனலூருக்குக் காரில் வேலைக்குப் போய்வருகிறேன். திரும்பும்போது கோட்டைவாசல் தாண்டி எஸ் வளைவில் இறங்கினால் முன்சக்கரத்தில் கீச்சென்று சத்தம். பிரேக் மிதித்தால் பெடல் அதிர்கிறது. முன் பேடையும் டிஸ்க்கையும் வீட்டில் நானே மாற்றலாமா அண்ணாச்சி?
- வாசகர், புளியரை

பதில்: தாராளமாக மாற்றலாம் தம்பி. ஆனால் வண்டியோடு வந்த ஜாக்கி ஸ்டெப்னி மாட்டுவதற்கு மட்டும்தான். சமதளத்தில் நிறுத்தி, கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, பின்சக்கரத்துக்குக் கல் வையுங்கள். வண்டியைத் தூக்கி ஸ்டாண்டில் உட்கார வைத்த பிறகுதான் டயரைக் கழற்ற வேண்டும். ஸ்டாண்ட் இல்லையா, இந்த வேலையைத் தொடாதீர்கள்.

டிஸ்க் என்பது சக்கரத்தோடு சுற்றும் இரும்பு வட்டு, பேட் அதை அழுத்தி நிறுத்தும் கட்டை. கீச் சத்தம், பேடில் உள்ள சின்னத் தகடு டிஸ்க்கில் உரசுவதாக இருக்கும். பேட் தேய்ந்து முடியப்போகிறது என்று அர்த்தம். பெடல் அதிர்வது பெரும்பாலும் டிஸ்க்கின் கனம் சுற்றிலும் ஒரே சீராக இல்லாததால்.

பேடுகளைப் பிடித்திருக்கும் கவ்வியான காலிப்பரைக் கழற்றியதும், பிரேக் ஆயில் வரும் ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டுங்கள். பழைய பேடுகளைத் தூக்கி எறியாமல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நம் பக்கத்து வண்டிகளில் நான் அடிக்கடி பார்ப்பது இது: வெளிப்பக்கப் பேடில் பாதிக்குமேல் மிச்சம் இருக்கும், உள்பக்கப் பேட் இரும்புத் தகடு தெரிகிற அளவுக்குத் தேய்ந்திருக்கும். காலிப்பர் நகர்வதற்கு இரண்டு பின் (உருண்டைக் கம்பி) உண்டு. அதன் ரப்பர் உறை கிழிந்தால் ஆனி, ஆடிச் சாரலில் தண்ணீர் இறங்கிவிடும். கிரீஸ் காய்ந்து, பின் துருவேறிப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் பிஸ்டன் (பேடைத் தள்ளும் உருளை) இருக்கும் உள்பக்கப் பேட் ஒன்றே தேய்ந்துகொண்டிருக்கும். பின்னைக் கவனிக்காமல் புதுப் பேட் போட்டால் அதற்கும் அதே கதிதான். பின்னை உருவித் துடைத்து, துருவை உப்புத்தாளால் எடுத்து, பிரேக்குக்கென்றே விற்கும் சிலிக்கான் கிரீஸ் தடவுங்கள். சாதாரண கிரீஸ் ரப்பரை உப்ப வைத்துவிடும். விரலால் தள்ளினாலே பின் வழுக்கிப் போகவேண்டும். குழி விழுந்திருந்தால் பின்னையும், கிழிந்திருந்தால் உறையையும் மாற்றிவிடுங்கள்.

டிஸ்க்கில் குறைந்தபட்ச கனம் மில்லிமீட்டரில் பொறித்திருக்கும். அதற்குக் கீழே போனால் மாற்றியே ஆகவேண்டும், இடது வலது இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்து. ஹப்போடு (சக்கரம் மாட்டும் நடுப்பகுதி) ஒட்டிக்கொண்ட டிஸ்க்கைச் சம்மட்டியால் அடிக்காதீர்கள். பல டிஸ்க்குகளில் மரை போட்ட இரண்டு துளைகள் இருக்கும். அவற்றில் போல்ட் முடுக்கினால் தானாகக் கிளம்பி வரும். ஹப் முகத்தில் இருக்கும் துருவைச் சுரண்டி எடுங்கள். இல்லையென்றால் புது டிஸ்க் கோணலாக உட்கார்ந்து, அதிர்வு திரும்பவும் வரும். புது டிஸ்க்கில் பூசியிருக்கும் எண்ணெயை பிரேக் கிளீனர் போட்டுத் துடைக்க வேண்டும்.

புதுப் பேடுக்கு இடம்விடப் பிஸ்டனை உள்ளே தள்ளும்போது பிரேக் ஆயில் பாட்டிலில் மட்டம் ஏறும். வழிந்தால் பெயிண்டைத் தின்றுவிடும், கண் வைத்திருங்கள். எல்லாம் மாட்டியபின், வண்டியை எடுக்குமுன் பெடல் கெட்டியாகும்வரை மிதியுங்கள். முதல் மிதியில் பெடல் தரைவரை போகும். அதை மறந்து ரிவர்ஸ் எடுத்தால் சுவர்தான் வண்டியை நிறுத்தும். பிறகு ஆள் நடமாட்டம் இல்லாத நேரான ரோட்டில் 50, 60 வேகத்தில் போய், முழுக்க நிறுத்தாமல் 10 வரை குறையுங்கள். நடுவில் ஆறவிட்டுச் சில தடவை செய்தால் பேட் டிஸ்க்கோடு படிந்துவிடும். புதுப் பேடோடு நேராக மலை ஏறாதீர்கள்.

கேள்வி: பிரேக் ஆயில் மட்டம் சரியாகத்தான் இருக்கிறது. அதை எதற்கு மாற்றச் சொல்கிறார்கள் அண்ணாச்சி?
- வாசகி, ஆரியங்காவு

பதில்: அது காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் தங்கச்சி. டாட் 4 என்ற வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ்வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் அது 155 டிகிரிக்கே கொதிக்கலாம். மலை இறக்கத்தில் பிரேக்கை விடாமல் மிதித்தால் அந்தச் சூடு வந்துவிடும். உள்ளே ஆவி உண்டாகி, பெடல் பஞ்சுபோல் அமுங்கும், வண்டி நிற்காது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். இறக்கத்தில் இரண்டாவது கியரில் விட்டு, பிரேக்கை விட்டு விட்டுப் பிடியுங்கள்.

கேள்வி: பேட் மாற்றும்போது தூசியைக் காற்றடித்து ஊதலாமா?
- வாசகர், கடையநல்லூர்

பதில்: கூடாது. பழைய பேடில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்புண்டு. அது நுரையீரலுக்குக் கேடு. முகக்கவசம் போட்டு, பிரேக் கிளீனர் தெளித்து, துணியால் துடைத்தெடுங்கள்.