பழைய பில்லிங் சாஃப்ட்வேரை என்ன செய்வது? கேள்வி பதில்

ஃபாக்ஸ்ப்ரோ, விபி 6 (விஷுவல் பேசிக்) என்ற பழைய நிரல் மொழிகள் காலத்துக் கணக்கு மென்பொருள்களைப் புதுப்பித்துக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

ஈரோட்டில் ஜவுளி மொத்த வியாபாரம். 2003-ல் விஷுவல் ஃபாக்ஸ்ப்ரோவில் எழுதிய பில்லிங் இன்னும் ஓடுகிறது. எழுதியவர் தொடர்பில் இல்லை. எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதலாம் என்கிறான் மகன். செய்யலாமா சார்?

உங்கள் மகன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. விஷுவல் ஃபாக்ஸ்ப்ரோவின் கடைசிப் பதிப்பான 9-க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2015 ஜனவரியோடு முடிந்தது. ஃபாக்ஸ்ப்ரோ தன் டேட்டாவை வைக்கும் டிபிஎஃப் கோப்பு ஒன்று 2 ஜிபிக்கு மேல் வளராது. ஆனால் தூக்கிப் போடாதீர்கள். அந்த நிரலுக்குள் இருபது வருட வியாபாரம் உட்கார்ந்திருக்கிறது. இன்ன பார்ட்டிக்கு மட்டும் லாரி வாடகை சேர்க்கக் கூடாது என்று எங்கோ ஒரு வரி இருக்கும். அது இருப்பது உங்களுக்கே ஞாபகம் இருக்காது. புதியதில் அது விட்டுப்போன மாதம் அந்த பார்ட்டி போன் செய்து ஞாபகப்படுத்துவார்.

துண்டு துண்டாக மாற்றுங்கள். பனையில் விழுந்த ஆல விதை மெல்ல மெல்லப் பனையைச் சுற்றி வளர்கிறதல்லவா, அப்படி. மென்பொருள் பற்றி எழுதும் மார்ட்டின் ஃபவுலர் 2004-ல் இந்த முறைக்கு இதே மாதிரி ஒரு மரத்தின் பெயரைத்தான் வைத்தார். முதலில் ரிப்போர்ட்டுகள்: பழைய டேட்டாவைப் படிக்க மட்டும் செய்யும், தப்பானாலும் நஷ்டமில்லை. அடுத்து ஸ்டாக். பில் போடும் திரை கடைசியில்.

டிபிஎஃப்-ஐ போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸுக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன் அண்ணா. பழையதில் கண்ணில் படாத பில்கள் புதியதில் வருகின்றன. சில பில்களில் தொகையும் ஒரு ரூபாய் உதைக்கிறது.

இரண்டுக்கும் காரணம் வேறு வேறும்மா. டிபிஎஃப்-ல் ஒரு ரெக்கார்டை அழித்தால் அது உடனே போய்விடாது. ரெக்கார்டின் முதல் பைட்டில் இருக்கும் வெற்றிடம் நட்சத்திரக் குறியாக மாறும், அவ்வளவுதான். 'பேக்' கட்டளை கொடுக்கும்வரை அது கோப்பிலேயே கிடக்கும். நீ எழுதிய ஸ்கிரிப்ட் அந்த பைட்டைப் பார்க்கவில்லை, அதனால் ரத்தான பில்களும் உயிரோடு வந்துவிட்டன. ஆனால் அவற்றை வீசிவிடாதே. தனி டேபிளில் போட்டு வை, ஆடிட்டர் கேட்பார்.

ரூபாய் உதைப்பது ரவுண்டிங். 2.5-ஐ முழு எண்ணாக்கினால் ஃபாக்ஸ்ப்ரோ 3 என்னும். புதியதை மைக்ரோசாஃப்டின் டாட்நெட்டில் எழுதினால், அதன் மேத் ரவுண்ட், ஒன்றும் சொல்லாமல் விட்டால் இரட்டைப்படை எண்ணுக்குப் போய் 2 என்னும். அதே 3.5 என்றால் இரண்டுமே 4. அதனால்தான் எல்லா பில்லிலும் வராமல், சரியாக 50 பைசாவில் முடியும் சிலவற்றில் மட்டும் வருகிறது. 'அவே ஃப்ரம் ஜீரோ' என்று வெளிப்படையாகக் கொடு. பணத்துக்கு டபுள் என்ற தோராய எண் வகை வேண்டாம், துல்லியமான டெசிமல்.

புது வெப் பில்லிங் பார்க்க லட்சணமாக இருக்கிறது. ஆனால் கவுன்டரில் இருக்கும் அக்காக்கள் பழைய கறுப்புத் திரையையே கேட்கிறார்கள். எப்படிப் பழக்குவது?

பழக வேண்டியது அவர்கள் இல்லை, நீங்கள்தான். இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு கடையில் நான் போட்ட புதுத் திரை தீபாவளி வாரத்தில் திணறியது. கவுன்டருக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு அரை நாள் உட்கார்ந்தேன். அந்த அக்கா திரையையே பார்க்கவில்லை. கண் துணியில், பேச்சு வாடிக்கையாளரிடம், வலது கை நம்பர் பேடில். கோட், என்டர், எண்ணிக்கை, என்டர், என்டர். அந்தக் கடைசி என்டர் யாரும் நிரப்பாத வண்டி எண் கட்டத்தைத் தாண்டுவதற்கு. நான் "தேவையில்லாத கட்டம்" என்று அதை எடுத்திருந்தேன். விரல் பழையபடி இரண்டு தடவை தட்ட, பில் பாதியிலேயே சேவ் ஆனது. தேதிக்கு அழகாக ஒரு காலண்டர் வேறு வைத்திருந்தேன். அதற்காக ஒவ்வொரு முறையும் கை மவுஸுக்குப் போக வேண்டியிருந்தது.

இன்னொன்று: பழைய நிரல்களில் திரை பின்தங்கினாலும் தட்டிய சாவிகள் வரிசையில் காத்திருக்கும். வெப் பக்கம் லோட் ஆகும்போது தட்டியதெல்லாம் காற்றோடு போகும். அடுத்த கட்டத்துக்கு உடனே போகவிட்டு, சர்வருக்கு அனுப்புவதைப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள். எஃப் சாவிகள் பழைய வேலையையே செய்யட்டும். "சரியா?" என்று கேட்கும் பெட்டிகளைத் தூக்குங்கள். அழகை முதலாளி பார்க்கும் ரிப்போர்ட் பக்கத்தில் காட்டிக்கொள்ளலாம்.

வாடிக்கையாளர் பெயரெல்லாம் பாமினி எழுத்துருவில் இருக்கிறது. யூனிகோடுக்கு மாற்றினால் போதுமா?

பாமினியில் எழுத்துருவைக் கழற்றினால் மிஞ்சுவது ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும்தான். கொம்பு அங்கே மெய்க்கு முன்னால் இருக்கும், யூனிகோடில் பின்னால். மாற்றி கிடைக்கிறது, ஆனால் ஒரே கட்டத்தில் ஆங்கிலமும் கலந்திருந்தால் 'சென்னை சில்க்ஸ் பி லிட்' என்பதில் பாதி கந்தலாகும். அவற்றைக் கையால்தான் பார்க்க வேண்டும். அப்புறம் அகரவரிசை: யூனிகோடில் ற, ல-வுக்கு முன்னால் இருக்கிறது, ழ, வ-வுக்கு முன்னால். வெறும் குறியீட்டு எண்படி அடுக்கினால் லெட்ஜர் குழம்பும். டேட்டாபேஸில் தமிழுக்கான கொலேஷன், அதாவது அடுக்கும் விதி, கொடுங்கள்.

விண்டோஸ் 11 வாங்கினோம், டாஸ் நிரல் திறக்கவில்லை.

திறக்காது. விண்டோஸ் 11-க்கு 32 பிட் பதிப்பே கிடையாது, 64 பிட்டில் டாஸ் காலத்து 16 பிட் நிரல் ஓடாது. டாஸ் போல நடிக்கும் டாஸ்பாக்ஸ் நிரலில் ஓட்டிப் பாருங்கள், ஆனால் அதை ஒட்டுப்போட்ட டயராக நினைத்துக்கொள்ளுங்கள்.

புதியதை எழுதும்போது முதலில் எதைக் கவனிக்க வேண்டும்?

வரி விகிதத்தை நிரலுக்குள் எழுதாதீர்கள். 2025 செப்டம்பர் 22 அன்று ஜிஎஸ்டியில் ஏராளமான பொருள்கள் 12, 28 சதவீதத்திலிருந்து மாறின. அன்று காலை எனக்கு வந்த போன்களில் பாதி, விகிதம் நிரலுக்குள் புதைந்திருந்த கடைகளிலிருந்து. விகிதத்தைத் தனி டேபிளில், 'எந்தத் தேதியிலிருந்து' என்ற கட்டத்தோடு வையுங்கள். பழைய பில்லைத் திரும்ப எடுத்தால் பழைய விகிதம் வர வேண்டும். கம்பெனியாகப் பதிவு செய்திருந்தால், 2023 ஏப்ரல் 1 முதல் கணக்கு மென்பொருளில் யார், எப்போது, என்ன திருத்தினார் என்ற பதிவு கட்டாயம். அதை அணைக்கும் வசதியும் இருக்கக் கூடாது.

பழையதையும் புதியதையும் எவ்வளவு நாள் சேர்த்து ஓட்டுவது?

குறைந்தது ஒரு முழு மாதமும், அந்த மாதத்து ரிட்டர்ன் போடும் வரையும். இரண்டிலும் எல்லா பில்லையும் போடச் சொன்னால் மூன்றாம் நாளே ஆள் நின்றுவிடுவார். பழையதில் பில் போடட்டும், இரவில் அதைப் புதியதற்கு இழுத்து மொத்தங்களை ஒப்பிடுங்கள். வித்தியாசம் வந்த பில்லை மட்டும் காலையில் எடுத்துப் பாருங்கள். ஆடி மாதத்தில் ஆரம்பியுங்கள், தீபாவளிக்கு முன்னால் வேண்டவே வேண்டாம்.