லைஃப் ஸ்கில்ஸ் வகுப்புக்குப் போனால் மனசு சரியாகுமா?

கேள்வி: இன்ஜினியரிங் இரண்டாம் ஆண்டு, ஹாஸ்டலில் இருக்கிறேன். பள்ளியில் தமிழ் மீடியம். மூன்று அரியர், வீட்டில் இன்னும் சொல்லவில்லை. தூக்கம் சரியாக வருவதில்லை. சனிக்கிழமைகளில் லைஃப் ஸ்கில்ஸ் பயிற்சி நடக்கிறது. அதற்குப் போகலாமா, அந்த நேரத்தில் அரியருக்குப் படிக்கலாமா?

பதில்: போங்க தம்பி. ஆனால் அங்கே என்ன நடத்துகிறார்கள் என்று முதலில் விசாரியுங்கள். உலக சுகாதார நிறுவனம் 1990களில் பட்டியலிட்ட பத்து வாழ்க்கைத் திறன்களில் முடிவெடுப்பது, பிரச்சினையைத் தீர்ப்பது, தன்னை அறிவது, உணர்ச்சிகளையும் மன அழுத்தத்தையும் சமாளிப்பது எல்லாம் உண்டு. பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2019இல் கல்லூரிகளுக்குக் கொண்டுவந்த ஜீவன் கௌஷல் என்ற வாழ்க்கைத் திறன் பாடத்திட்டத்திலும் தலைமைப் பண்பு, மனித விழுமியங்கள் என்று பகுதிகள் இருக்கின்றன. நடைமுறையில் பல இடங்களில் இது ரெஸ்யூமே எழுதுவது, குரூப் டிஸ்கஷன் என்று சுருங்கிவிடுகிறது. வேலை தேட அது உதவும், உங்கள் தூக்கத்துக்கு உதவாது.

உங்களுக்கு உதவக்கூடிய வகுப்பில் நீங்களே எழுந்து நின்று பேசிப் பார்க்க வேண்டியிருக்கும். "சார், இந்த யூனிட் எனக்குப் புரியல, ஒருமுறை சொல்லித் தர முடியுமா" என்று ஆசிரியரிடம் கேட்பது, படிக்கும் நேரத்தில் கூப்பிடும் ரூம்மேட்டிடம் மறுப்பது, அப்பாவிடம் அரியரைச் சொல்வது, இதையெல்லாம் நடித்துப் பார்த்து, மற்றவர்கள் சொல்வதைக் கேட்டு, திரும்பச் செய்து பார்ப்பது. பிபிடி போட்டு ஒரு மணி நேரம் பேசிவிட்டுப் போகிறவரால் இது வராது.

நீங்கள் எழுதியதைப் படித்தால் அரியரை விட அதை மறைத்து வைத்திருப்பதுதான் உங்களை அதிகம் வாட்டுகிறது என்று தோன்றுகிறது. 'மூன்று அரியர்' என்று மொத்தமாக நினைத்தால் பயம்தான் வரும். எந்தப் பேப்பர், எதனால் போனது, பாடம் புரியாமலா, புரிந்தும் ஆங்கிலத்தில் எழுத வராமலா என்று தனித்தனியாக எழுதுங்கள், ஏனென்றால் இரண்டுக்கும் வழி வேறு. பாடமே புரியவில்லை என்றால் ஆசிரியரோ சீனியரோ வேண்டும். எழுத வரவில்லை என்றால் பழைய கேள்வித்தாள்களை எடுத்து எழுதி எழுதிப் பழக வேண்டும். இதில் முதலில் முடிக்கக்கூடிய பேப்பர் எது என்று தெரிந்துகொண்டு, அந்தத் திட்டத்தோடு வீட்டில் பேசுங்கள். அப்பா கோபப்படலாம், அதற்கும் தயாராகப் போங்கள். அம்மாவிடமோ அக்கா, மாமா யாரிடமோ முதலில் சொல்வது சுலபமென்றால் அப்படியே செய்யுங்கள்.

ஆனால் ஒன்று, எல்லாவற்றையும் திறன் குறைவு என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டு வாரத்துக்கும் மேலாக, ஏறக்குறைய தினமும் மனசு சோர்ந்தே இருக்கிறது, எதிலும் ஈடுபாடு இல்லை, அதோடு தூக்கமும் பசியும் கெட்டுவிட்டது என்றால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அதற்கு எந்தப் பயிற்சி வகுப்பும் மருந்தில்லை, கவுன்சலரையோ மனநல மருத்துவரையோ பார்க்கத்தான் வேண்டும். நேரில் போகத் தயக்கமா, அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ் 14416க்குக் கூப்பிடுங்கள். இலவசம், 24 மணி நேரமும் இருக்கிறது, தமிழிலேயே பேசலாம். உயிரை விட்டுவிடலாமா என்ற எண்ணம் எட்டிப் பார்த்தாலும் ஒருநாள்கூடக் காத்திருக்காமல் கூப்பிடுங்கள், ரூம்மேட்டிடமும் சொல்லுங்கள், அன்று தனியாக இருக்காதீர்கள்.

சனிக்கிழமை வகுப்பு வெறும் ரெஸ்யூமே பயிற்சிதான் என்று தெரிந்தால், மென்டரிடம் கேட்டு அந்த நேரத்தைக் கல்லூரிக் கவுன்சலரைப் பார்க்க வாங்கிக்கொள்ளுங்கள். அரியருக்கு வாரத்தில் மற்ற நாட்கள் இருக்கின்றன.