எருவும் யூரியாவும்: பாலக்காடு மாவட்டச் சித்தூர் வட்ட நெல் விவசாயிகளின் கேள்விகளுக்குப் பதில்

உமா நெல்லுக்கு ஏக்கருக்கு இரண்டு டன் தொழுவுரம் போட்டிருக்கிறேன். யூரியாவைப் பாதியாகக் குறைக்கலாமா? (கொழிஞ்சாம்பாறை)

வேண்டாம் அண்ணா. மக்கிய தொழுவுரத்தில் தழைச்சத்து (நைட்ரஜன்) அரை சதவீத அளவுதான். இரண்டு டன்னுக்கு 10 கிலோ. அதிலும் முதல் போகத்தில் பயிருக்குக் கிடைப்பது மூன்றில் ஒரு பங்கு. மீதி மண்ணில் தங்கிப் பின்னால் வரும். உமா போன்ற மத்திய கால ரகத்துக்கு ஏக்கருக்கு 36 கிலோ தழைச்சத்து தேவை. ஆகவே எரு இப்போது தரும் மூன்று கிலோ சொச்சம் தழைச்சத்துக்கு ஈடாக, இந்த முறை ஏழு கிலோ யூரியாவைக் குறைத்தால் போதும். பாதியாகக் குறைத்தால் தூர் கட்டாது. பிறகு எருவின் மீதே நம்பிக்கை போய்விடும். எனக்கு அதுதான் வருத்தம். எரு மண்ணைப் பொலபொலப்பாக்கும், ஈரம் காக்கும், போடுகிற யூரியாவை வீணாகாமல் பிடித்துவைக்கும். வருடம் தவறாமல் போட்டு வாருங்கள். மண் பரிசோதனை முடிவைப் பார்த்து, படிப்படியாக யூரியாவைக் குறைக்கலாம்.

பிராய்லர் பண்ணைக் கோழி எரு ஒரு டன் போட்டு, யூரியாவும் முழு அளவு போட்டேன். பயிர் கரும்பச்சையாக இருக்கிறது. நல்லதுதானே? (நல்லேப்பிள்ளி)

இல்லை. கோழி எருவில் தழைச்சத்து மூன்று சதவீதம் வரை இருக்கும், வேகமாகவும் கிடைக்கும். ஒரு டன் எருவே கிட்டத்தட்ட முழு உரம். நீங்கள் இரண்டு மடங்கு போட்டிருக்கிறீர்கள். இனி மேலுரமாக யூரியா வேண்டவே வேண்டாம். தழைச்சத்து மிஞ்சினால் சாறு உறிஞ்சும் புகையான் பூச்சி வரும். தூரை விலக்கி, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே பாருங்கள். புகையான் இலையில் இருக்காது, அங்கேதான் ஒட்டிக்கொண்டிருக்கும். தண்ணீரை வடித்து வடித்துக் கட்டுங்கள். அடுத்த முறை மக்கவைத்த கோழி எரு அரை டன் அடியுரமாகப் போதும். அடியுர யூரியாவை விட்டுவிட்டு, மேலுரத்தை இலை வண்ண அட்டையோடு (இலையின் பச்சையை ஒப்பிட்டுப் பார்க்கும் அட்டை) பார்த்துப் போடுங்கள்.

கோடை மழையில் பசுந்தாள் உரத்துக்காகத் தக்கைப்பூண்டு விதைத்து, பூத்த பிறகு மடக்கி உழுது, மூன்றாம் நாளே நட்டோம். நாற்று மஞ்சளாகிவிட்டது. யூரியா போடலாமா? (வேலந்தாவளம்)

முதலில் ஒரு நாற்றைப் பிடுங்கி வேரைப் பாருங்கள் அக்கா. நல்ல வேர் வெள்ளையாகவோ செம்பழுப்பாகவோ இருக்கும். உங்கள் வயலில் அது கறுத்து, அழுகிய முட்டை வாடை அடிக்கும் என்று நினைக்கிறேன். சேற்றில் கால் வைத்தால் குமிழ் குமிழாக வரும். பச்சைத் தழை காற்றில்லாத சேற்றில் அழுகும்போது வருகிற நச்சு வாயு அது. அந்த நிலையில் வேர் எதையும் எடுக்காது. யூரியா போட்டால் பணம் தண்ணீரோடு போகும். வயலை வடியுங்கள். மயிரிழை வெடிப்பு விடட்டும். பிறகு தண்ணீர் கட்டி, புது வெள்ளை வேர் வந்ததும் ஏக்கருக்கு 15 கிலோ யூரியா போடுங்கள்.

தக்கைப்பூண்டைக் கைவிட்டுவிடாதீர்கள். ஏக்கருக்கு 20 கிலோ விதைத்து, தண்டு முற்றுவதற்குள், 45 நாளுக்குள் மடக்கி உழுது, ஒரு வாரம் பத்து நாள் மக்கவிட்டு நட்டால், 20 கிலோ தழைச்சத்து மண்ணுக்கு வரும். எந்த எருவுக்கும் இல்லாத லாபம் இதில் இருக்கிறது.

சாம்பலையும் யூரியாவையும் கலந்து வீசலாமா? சுண்ணாம்பு போட வேண்டுமா? (எருத்தேம்பதி)

கலக்கக் கூடாது, தழைச்சத்து அம்மோனியாவாகப் பறந்துவிடும். யூரியாவோடு கலக்க வேப்பம் பிண்ணாக்குதான் சரி: ஐந்து பங்கு யூரியாவுக்கு ஒரு பங்கு, முதல் நாள் இரவே கலந்து வையுங்கள். உங்கள் பக்கத்துக் கரிசல் ஏற்கனவே சுண்ணாம்பு மண். பாலக்காட்டுச் செம்மண் வயல்களுக்குச் சொல்லும் சுண்ணாம்பு உங்களுக்கு வேண்டாம். உங்களுக்குத் துத்தநாகம்தான் குறையும். ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட்டை மணலில் கலந்து தூவுங்கள். டிஏபி என்னும் மணிச்சத்து உரத்தோடு சேர்க்காதீர்கள்.

தென்னை நார்க் கழிவு இலவசமாகக் கிடைக்கிறது. வயலில் கொட்டலாமா? (கோபாலபுரம்)

பச்சையாக வேண்டாம். அதை மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் பயிரின் தழைச்சத்தைப் பிடுங்கிக்கொள்ளும். டன்னுக்கு 5 கிலோ யூரியாவும் சிப்பிக் காளான் வித்தும் அடுக்கடுக்காக இட்டு, ஈரம் காயாமல் நிழலில் வையுங்கள். நிறம் கறுத்து, குவியல் நன்றாகக் குறைந்த பிறகு வயலுக்குக் கொண்டுபோங்கள்.