'டீச்' கேட்காத 'டு'

கேள்வி: தொடக்கநிலை 5 படிக்கும் மகள் 'மை கிராண்ட்மா டாட் டு மீ குக்கிங்' என்று எழுத, ஆசிரியர் 'டு'வை அடித்துவிட்டார். 'ஷி எக்ஸ்பிளெய்ன்ட் இட் டு மீ' என்றால் மட்டும் சரியாம். தமிழில் இரண்டுக்கும் 'எனக்கு' தானே?
- வாசகி, உட்லண்ட்ஸ்

பதில்: அந்த 'எனக்கு'தான் காலை வாருகிறது. 'பாட்டி எனக்குச் சமையல் கற்றுக்கொடுத்தார்' என்று மனத்தில் ஓடும்போது, 'கு' உருபு 'டு'வாகித் தாளில் இறங்கிவிடுகிறது. 'டீச்' (இறந்தகாலத்தில் 'டாட்'), 'கிவ்' மாதிரி. ஆளை வினைக்குப் பக்கத்திலேயே வைத்தால் 'டு' கூடாது: 'டாட் மீ குக்கிங்'. கற்றுக்கொடுத்ததை முதலில் சொல்லி, ஆளைப் பின்னால் வைத்தால் 'டு' வேண்டும்: 'டாட் குக்கிங் டு மீ'. 'எக்ஸ்பிளெய்ன்' இந்தச் சலுகையைத் தருவதில்லை. ஆள் எங்கே நின்றாலும் 'டு' கேட்கும். 'எக்ஸ்பிளெய்ன் மீ' தப்பு.

'டாட் மீ டு குக்' என்பது சரிதானே என்று மகள் மடக்கலாம். சரிதான். ஆனால் அந்த 'டு' 'குக்'கோடு ஒட்டியது, 'சமைக்க' என்பதில் வரும் 'க்க' போல.

பிஎஸ்எல்இ (தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு) தாளில் வாக்கியத்தை மாற்றி எழுதும் பகுதியிலும் இது தலைகாட்டலாம். 'ஷி டாட் அஸ் சயின்ஸ்' என்பதை 'வீ' என்று தொடங்கச் சொன்னால் 'வீ வெர் டாட் சயின்ஸ்'. 'சயின்ஸ்' என்று தொடங்கச் சொன்னால் 'சயின்ஸ் வாஸ் டாட் டு அஸ்'. இரண்டாவதில் 'டு'வை விட்டால் மதிப்பெண் போகும்.

எழுத்துக்கூட்டலையும் பாருங்கள். 'டாட்' என்பது டி-ஏ-யூ-ஜி-எச்-டி. 'நினைத்தேன்' என்ற பொருளில் வரும் 'தாட்' டி-எச்-ஓ-யூ-ஜி-எச்-டி. நம் ஊர்ப் பேச்சில் இரண்டும் ஒன்றுபோல ஒலிப்பதால், 'அவன் வருவான் என்று நினைத்தேன்' என்று எழுதவேண்டிய இடத்தில் 'கற்றுக்கொடுத்தேன்' வந்து உட்கார்ந்துகொள்கிறது.

இன்னொரு கண்ணி: தம்பிக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு 'ஐ டாட் மை பிரதர் எ லெசன்' என்று எழுதினால், தம்பிக்குப் 'பாடம் புகட்டிய' கதையாகிவிடும். 'கேவ் ஹிம் எ லெசன்' போதும்.

கேள்வி: எம்ஆர்டி ரயில் நிலையத்தில் வழி கேட்கும்போது 'கேன் டீச் மீ ஹௌ டு கோ?' என்கிறோமே, சரியா?
- வாசகர், தேக்கா

பதில்: சிங்லிஷில், அதாவது சிங்கப்பூர்ப் பேச்சு ஆங்கிலத்தில், பழுதில்லை, எல்லோருக்கும் புரியும். நேர்முகத் தேர்விலோ அலுவலக மின்னஞ்சலிலோ 'ஷோ மீ' அல்லது 'டெல் மீ' என்று மாற்றிக்கொள்ளுங்கள். பொதுவழக்கு ஆங்கிலத்தில் 'டீச்' என்றால் நீங்கள் ஒரு திறனையோ பாடத்தையோ கற்றுக்கொள்ளவேண்டும். ஒருமுறை வழி காட்டுவது அதில் சேராது. வேடிக்கை என்னவென்றால், பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்குக் 'காட்டு' என்ற பொருளும் இருந்தது. மருந்தகத்தில் வரிசைக்கு வாங்குகிறோமே 'டோக்கன்', அதுவும் இதே வேரில் பிறந்ததுதான்.

கேள்வி: வீட்டில் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். 'ஐ டேக் டியூஷன்' என்று சொல்லலாமா?
- வாசகி, ஈசூன்

பதில்: வேண்டாம், அப்படிச் சொன்னால் நீங்கள்தான் மாணவி! தமிழில் வகுப்பை ஆசிரியர் எடுப்பார். ஆங்கிலத்தில் டியூஷனை அவர் கொடுக்கவேண்டும்: 'ஐ கிவ் டியூஷன்'. வினையாகச் சொல்ல 'டியூட்டர்' இருக்கிறது: 'ஐ டியூட்டர் சில்ட்ரன் இன் மேத்ஸ்'. அமெரிக்கர்களிடம் பேசும்போது இரண்டாவதையே சொல்லுங்கள். அங்கே 'டியூஷன்' என்றால் பெரும்பாலும் கல்லூரிக் கட்டணம்.